வில்லை நம்பாத இயந்திரம்

இத்தாலி நாட்டின் வட பாகத்திலே, போ நதியின் பெருஞ் சமவெளி தெற்கே மலைகளைத் தொடும் இடத்தில், பொலோஞா என்னும் பழம்பெரும் நகரம் இருக்கின்றது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அமைந்த இடம் என்பதனாற் கல்வியுலகம் அதனை அறியும். கம்பியில்லாத் தந்தியால் உலகைப் பிணைத்த மார்க்கோனி 1874ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்பதனால் வானொலியுலகம் அதனை அறியும். மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் ஈடுபாடுடையோர்க்கோ டுக்காட்டி என்னும் பெயராலேயே அந்த ஊர் அறிமுகம். இன்று வேகத்துக்கு மறுபெயராக வழங்கும் அந்தப் பெயர், முதன்முதலில் வானொலிப் பெட்டியின் உள்ளுறுப்பொன்றின் மீதே பொறிக்கப்பட்டிருந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

அதிரியானோ டுக்காட்டி என்னும் இளைஞர் வானொலி அலைகளிற் பெரும் பித்துக்கொண்டவர். 1924ஆம் ஆண்டிலே தாமே அமைத்த சிற்றலைக் கருவியைக்கொண்டு பொலோஞாவிலிருந்து அமெரிக்காவுடன் தொடர்புகொண்டார். அந்த வெற்றியின் பயனாக, 1926ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சகோதரர்களான புரூனோ, மார்ச்செல்லோ என்போரும் ஒரு கம்பனியைத் தொடங்கி, வானொலிக்கு வேண்டிய மின்னொடுக்கிகளைச் செய்து விற்றனர். வியாபாரம் பெருகிற்று. 1935ஆம் ஆண்டில் நகரின் புறத்தேயுள்ள போர்கோ பனிகாலே என்னும் இடத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் அந்தச் செழிப்பை விட்டுவைக்கவில்லை. 1944ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நேசநாட்டு விமானங்கள் பொழிந்த குண்டுகளால் தொழிற்சாலை இடிந்து பாழாயிற்று.

போர் ஓய்ந்தபோது இத்தாலி மக்களிடம் பணமும் இல்லை, பெற்றோலும் இல்லை, வாகனங்களும் இல்லை. எஞ்சியிருந்தவை துவிச்சக்கர வண்டிகளே. அவற்றிற் பூட்டி ஓட்டத்தக்க சிற்றியந்திரம் ஒன்றை அல்டோ பரினெல்லி என்பார் தூரின் நகரிலே ஆக்கியிருந்தார். 48 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே கொண்ட அவ்வியந்திரம் ஓடும்போது எழும் ஓசை சிறு நாயின் குரைப்பைப் போன்றிருந்தமையால், அதற்கு நாய்க்குட்டி என்று பொருள்படும் ‘குச்சோலோ’ என்னும் பெயர் வழங்கிற்று. 1946ஆம் ஆண்டிலே டுக்காட்டித் தொழிற்சாலை அதனைச் செய்யும் உரிமையைப் பெற்றது. வானொலி உறுப்புகளைச் செய்து பழகிய கைகள் மோட்டார் இயந்திரம் செய்யப் பழகின. காலப்போக்கிற் கம்பனி அதனை நிறுவிய குடும்பத்தின் கையைவிட்டு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

1954ஆம் ஆண்டு மே மாதத்திலே பாபியோ தாலியோனி என்னும் பொறியியலாளர் இத்தொழிற்சாலையில் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துமூன்று. பொலோஞாவுக்குக் கிழக்கேயுள்ள லூகோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர்; அருகிலுள்ள இமோலா நகரத்துத் தொழில்நுட்பப் பாடசாலையிலே ஆசிரியராக இருந்து, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓர் இயந்திரத்தை வரைந்தவர். ஆசிரியர்க்குரிய பொறுமையும், ஒரு கருத்தைப் பற்றினால் அதனை விடாத உறுதியும் அவரிடம் இருந்தன. வந்த மறு ஆண்டிலேயே அவர் ஆக்கிய 100 கன சென்ரிமீற்றர் வகை மோட்டார் சைக்கிள், இத்தாலியைச் சுற்றி ஓடும் நெடுந்தூரப் போட்டியில் தன் பிரிவிலே முதலிடம் பெற்றது. ‘மரியான்னா’ என மக்கள் செல்லமாக அழைத்த அவ்வண்டியினால் கம்பனியின் பெயர் நாடெங்கும் பரவியது. ஆயினும் தாலியோனியின் உள்ளம் வேறொன்றிலே ஊன்றி நின்றது. இயந்திரத்தின் வால்வுகளை மூடும் சுருள்வில்லை அவர் நம்பவில்லை.

இந்த அவநம்பிக்கையின் காரணத்தை அறிய, மோட்டார் இயந்திரம் தொழிற்படும் விதத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிலிண்டர் என்பது ஓர் இரும்பறை. அந்த அறைக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒரு வாயிலால் பெற்றோல் ஆவியும் காற்றும் உட்புகும். உள்ளே எரிந்து முடிந்த புகை மற்ற வாயிலால் வெளியேறும். இவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். கதவைத் திறப்பது, சுழலும் தண்டொன்றிலே பொருத்திய முட்டை வடிவான சில்லு. அதனைக் கேம் என்பர். கேமின் புடைத்த பாகம் வந்து முட்டும்போது வால்வு திறக்கும். புடைப்பு நீங்கியதும் வால்வை இழுத்து மூடுவது சுருள்வில். திறப்பதற்கு ஆளை நிறுத்தி, மூடுவதற்கு வில்லை வைத்த கதவுக்கு இதனை ஒப்பிடலாம். ஒருவர் பின் ஒருவராக மெல்லச் செல்லும்வரை அக்கதவு ஒழுங்காகவே மூடிக்கொள்ளும். கூட்டமாக ஓடிப் புகுந்தாலோ, கதவு மூடுவதற்கு முன்னரே அடுத்தவர் வந்து தள்ளிவிடுவார்.

மோட்டார் இயந்திரத்திலும் அதுவே நிகழ்கின்றது. நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் பந்தய இயந்திரத்திலே, ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 6,250 முறை, அதாவது ஒரு வினாடிக்கு நூறு முறைக்கு மேலாகத் திறந்து மூடவேண்டும். அவ்வேகத்தில் வில் பின்தங்கிவிடும். சிலவேளை தானே அதிர்ந்து நடுங்கும். வால்வு கேமைத் தொடராமல் அந்தரத்திலே மிதக்கும். மூடாத வாயிலால் அழுத்தம் கசிந்து வலு குறையும். அதனினும் கேடாக, மேலெழும் பிஸ்டன் தொங்கி நிற்கும் வால்விலே மோதி இயந்திரத்தையே உடைத்துவிடும். வலுவான வில்லை வைத்தால் என்ன என்று கேட்கலாம். வில் வலுப்பெறும் அளவுக்கு அதனை அமுக்குவதற்கு இயந்திரத்தின் ஆற்றல் வீணாகும். உறுப்புகளும் விரைவில் தேயும். அக்கால உலோகங்களைக்கொண்டு செய்த வில்கள் பந்தயத்தின் நடுவே முறிந்துபோவதும் வழக்கமாயிருந்தது.

இதற்கு ஒரு மாற்றுவழி முன்னரே அறியப்பட்டிருந்தது. திறப்பதற்கு ஒரு கேம் இருப்பதுபோல மூடுவதற்கும் ஒரு கேம் இருந்தால், வில்லின் தயவு வேண்டியதில்லை. கட்டு, ஓட்டம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, இம்முறைக்கு ‘டெஸ்மோட்ரோமிக்’ என்று பெயரிட்டனர். கட்டுப்பட்ட ஓட்டம் என்பது அதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு உரிமைப் பதிவுகள் செய்யப்பட்டன. 1914இல் பிரான்சு நாட்டு டெலாஜ் பந்தயக் காரிலும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பந்தயக் காரிலும் இது கையாளப்பட்டது. எனவே கருத்து தாலியோனியினுடையதன்று. பெருஞ்செல்வம் படைத்தோர் சில காலம் பயன்படுத்திப் பின் கைவிட்ட ஒன்றை, சிறிய கம்பனி ஒன்றின் உயிர்நாடியாக்கி வாழ்நாள் முழுவதும் காத்து நின்றமையே அவருடைய சாதனை.

பிறர் அதனைக் கைவிட்டமைக்குக் காரணமும் உண்டு. திறக்கும் கேமும் மூடும் கேமும் ஒன்றோடொன்று மயிரிழையும் பிசகாமல் இணங்கவேண்டும். இடைவெளி சற்றுக் கூடினால் வால்வு நன்றாக மூடாது. சற்றுக் குறைந்தால் உறுப்புகள் இறுகிப் போகும். ஒவ்வோர் இயந்திரத்தையும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் பொறுமையோடு அளந்து, மெல்லிய தகடுகளை இட்டுச் சரிசெய்யவேண்டும். தாலியோனி 125 கன சென்ரிமீற்றர் பந்தய வண்டிக்கு மூன்று கேம் தண்டுகளை அமைத்தார். வெளித்தண்டுகள் இரண்டும் வால்வுகளைத் திறந்தன. நடுத்தண்டு அவற்றை மூடியது. முன்பிருந்த வில் பூட்டிய இயந்திரம் 16 குதிரைவலு தந்தது. இது 19 குதிரைவலு தந்தது. தொகையளவில் மூன்றுதான் அதிகம். ஆனால் ஓட்டவீரர் அவசரத்திலே கியரைத் தவறாக மாற்றி இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சுழன்றாலும், வால்வும் பிஸ்டனும் மோதா. அந்தப் பாதுகாப்பு மூன்று குதிரைவலுவிலும் பெரிது.

1956ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே சுவீடன் நாட்டின் ஹேடெமோரா என்னும் இடத்தில் இந்த இயந்திரம் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓடியது. ஓட்டியவர் ஜான்னி தெலி அந்தோனி என்னும் இளைஞர். மரியான்னாவைச் சுற்றுப்போட்டியில் வெற்றிக்கு இட்டுச்சென்றவரும் அவரே. தம்மோடு ஓடிய அனைவரையும் ஒரு முழுச் சுற்றுப் பின்தள்ளி அவர் முதலாவதாக வந்தார். முதல் முயற்சியிலேயே இத்தகைய வெற்றி கிடைப்பது அரிது. ஆனால் அந்த மகிழ்ச்சி சில வாரங்களே நிலைத்தது. ஓகஸ்ட் மாதத்தில் மொன்சா ஓட்டத்தளத்திலே அடுத்த பந்தயத்துக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவர் விபத்துக்குள்ளாகி மாண்டார். வண்டியின் குணங்குறைகளைத் தம் கைகளால் அறிந்திருந்த ஒருவரை இழந்தமையால், கம்பனியின் முயற்சி ஏறக்குறைய ஈராண்டு பின்னடைந்தது.

1958ஆம் ஆண்டில் டுக்காட்டி மீண்டும் தலைநிமிர்ந்தது. அல்பேர்த்தோ கந்தோசி என்பவர் உலகப் போட்டியின் 125 பிரிவிலே இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டு மொன்சாவில் நடந்த இத்தாலியப் பெரும்பந்தயத்திலே, அதே பிரிவின் முதல் ஐந்து இடங்களையும் டுக்காட்டி வண்டிகளே கைப்பற்றின. அவற்றுள் முதலாவதாக வந்தவர் புரூனோ ஸ்பஜாரி. மறு ஆண்டு அல்ஸ்டர் பந்தயத்தில் மைக் ஹெயில்வுட் என்னும் ஆங்கில இளைஞர், பத்தொன்பதாவது வயதிலே, இதே வகை வண்டியில் ஏறித் தமது முதற் பெரும்பந்தய வெற்றியை ஈட்டினார். இந்த இரு பெயர்களும் டுக்காட்டியின் வரலாற்றில் மீண்டும் வருவன.

வெற்றிகள் வந்தன, ஆனால் பணம் வரவில்லை. 1957ஆம் ஆண்டிலே மில்லே மில்லியா கார்ப் பந்தயத்தில் பார்வையாளர் பலர் உயிரிழந்த கோரவிபத்தின் பின், இத்தாலிய அரசாங்கம் பொதுத் தெருக்களிற் பந்தயம் நடத்துவதைத் தடைசெய்தது. மரியான்னாவுக்குப் புகழ் தேடித் தந்த நெடுந்தூரப் போட்டிகள் அத்துடன் மறைந்தன. மக்களிடம் சற்றுப் பணம் சேர்ந்ததும் அவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டுச் சிறு கார்களை வாங்கலாயினர். கம்பனி பந்தயக் களத்திலிருந்து விலகியது. பந்தயத்துக்கென ஆக்கிய இந்த நுட்பமான பொறியினாற் சாதாரண மனிதனுக்கு என்ன பயன் என்னும் கேள்வி எழுந்தது. தாலியோனி அக்கேள்விக்கு விடைகாணப் பத்தாண்டுகள் உழைத்தார். மூன்று தண்டுகள் செய்த வேலையை ஒரே தண்டிலே நான்கு கேம்களை அமைத்துச் செய்விக்க வழி கண்டார். 1968ஆம் ஆண்டில், வில்லின்றி வால்வை மூடும் இயந்திரம் பூட்டிய மோட்டார் சைக்கிள், கடையிலே பணங்கொடுத்து எவரும் வாங்கத்தக்க பொருளாக வெளிவந்தது.

அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1969ஆம் ஆண்டில் யப்பானிய ஹொண்டாக் கம்பனி நான்கு சிலிண்டர்கள் கொண்ட 750 வகை வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொத்தானை அமுக்கினால் இயங்கும், எண்ணெய் கசியாது, முன்சில்லிலே தட்டுத் தடுப்பு உண்டு, விலையும் அதிகமில்லை. ஐரோப்பியக் கம்பனிகள் திகைத்து நின்றன. டுக்காட்டியின் வண்டிகளோ ஒற்றைச் சிலிண்டர் கொண்ட சிறியவை. பெரிய வண்டி செய்ய முன்னொருமுறை எடுத்த முயற்சியும் கசப்பிலே முடிந்திருந்தது. அமெரிக்க வியாபாரிகளின் வேண்டுகோளின்படி 1960களின் முற்பகுதியிலே தாலியோனி 1,260 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் வண்டியொன்றை ஆக்கினார். அதன் வலுவைத் தாங்க அக்காலத்து ரயர்களால் முடியவில்லை; வேகமாக ஓடும்போது அவை பிய்ந்துபோயின. வலு மட்டும் போதாது, அதனைத் தரையிற் சேர்க்கும் வழியும் வேண்டும் என்னும் பாடத்தை அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டார்.

1970ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அவர் புதிய இயந்திரம் ஒன்றை வரையத் தொடங்கினார். சில மாதங்களுள் அது உயிர்பெற்று ஓடியது. கொள்ளளவு 748 கன சென்ரிமீற்றர். சிலிண்டர்கள் இரண்டே, ஆனால் அவை பக்கத்துக்குப் பக்கம் நிற்கவில்லை. ஒன்று ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. மற்றது முன்சில்லை நோக்கி ஏறக்குறையப் படுத்திருந்தது. இரண்டுக்கும் இடையே சரியாக 90 பாகைக் கோணம். இந்தக் கோணத்திலே ஒரு பிஸ்டனின் அசைவால் எழும் அதிர்வை மற்றதன் அசைவு பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆகவே ஓட்டுபவரின் கையும் காலும் மரத்துப்போகா. இரு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இருத்தலால் வண்டி ஒடுங்கியதாயிற்று. காற்றை எளிதிற் கிழித்துச் செல்லும். வளைவிலே சாயும்போது பக்கம் தரையில் உரசாது. முன்னே படுத்த சிலிண்டரின் மீது காற்று நேராக வீசுதலால் அது நன்கு குளிர்ந்தது. பாரமும் தாழ்ந்தே அமைந்தது.

கேம் தண்டைச் சுழற்றுவதற்குச் சங்கிலியைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு சிலிண்டரின் பக்கத்திலும் குழாயொன்றினுள் தண்டொன்றை நிறுத்தி, அதன் இரு நுனிகளிலும் சாய்வான பற்சில்லுகளைப் பொருத்தினார். இறுகிய சங்கிலியும் காலத்தில் நீளும்; பற்சில்லு நீளாது. வால்வின் திறப்பும் மூடலும் இறுதிவரை குறித்த கணத்திலேயே நிகழும்.

இவ்வமைப்பிற் குறைகளும் இல்லாமலில்லை. படுத்திருந்த சிலிண்டரினால் இயந்திரம் நீண்டுபோயிற்று. அதனை அடக்குவதற்கு இரு சில்லுகளுக்குமிடையிலான தூரமும் ஒன்றரை மீற்றருக்கு மேற்பட்டது. குறுகிய வளைவுகளிலே இவ்வண்டியைத் திருப்புவதற்கு உடல்வலு வேண்டும். ஆனால் நீண்ட வளைவுகளிலே, மற்ற வண்டிகள் தலையை ஆட்டித் தடுமாறும் வேகத்தில், இது தண்டவாளத்தில் ஓடுவதுபோல அசையாது சென்றது. வேகம் என்பது நேர்ப்பாதையில் மட்டும் அளக்கப்படுவதன்று. வளைவிலே ஓட்டுபவருக்குப் பிறக்கும் துணிவும் அதில் அடங்கும். தாலியோனி அத்துணிவையும் தமது வரைபடத்திற் சேர்த்திருந்தார் எனலாம். கடைக்கு வந்த முதல் வண்டிகளில் வழக்கமான சுருள்வில்லே இருந்தது. வில்லில்லா முறையைப் பெரிய இயந்திரத்துக்குப் பொருத்திக் காட்ட அவர் தக்க தருணத்தை எதிர்பார்த்திருந்தார்.

அத்தருணம் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 23ஆம் நாள் வந்தது. அமெரிக்காவின் டேற்றோனா நகரில் நடந்துவந்த இருநூறு மைல் பந்தயத்தைப் போல் ஐரோப்பாவிலும் ஒன்று வேண்டுமென விரும்பிய பிரான்செஸ்கோ கொஸ்தா என்பார், இமோலாவிலே அதனை ஏற்பாடு செய்தார். தாலியோனி ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்த அதே இமோலா. கடையில் விற்கும் 750 வகை வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட இயந்திரங்களே ஓடலாம் என்பது விதி. எம்.வி. அகுஸ்தா, ட்ரையம்ப், நோர்ட்டன், ஹொண்டா, மோட்டோ குற்சி எனப் பேர்பெற்ற கம்பனிகள் எல்லாம் வந்தன. எம்.வி. அகுஸ்தாவின் வண்டியிலே உலக வீரர் ஜாக்கோமோ அகொஸ்தினி அமர்ந்திருந்தார். அவரை வெல்லலாம் என எண்ணியோர் அருமை.

டுக்காட்டியின் வண்டிகள் தொழிற்சாலையில் நாள்தோறும் செய்யப்பட்ட சட்டகங்களிலேயே அமைக்கப்பட்டன. ஆனால் இயந்திரத்தின் தலையில் வில்லில்லா வால்வுகள் பூட்டப்பட்டன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,800 சுழற்சியில் 80 குதிரைவலுவுக்கு மேல் கிடைத்தது. பெற்றோல் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை ஒரு பார்வையில் அறிவதற்காகத் தாங்கியின் பக்கத்தில் ஒளி ஊடுருவும் பட்டையொன்று விடப்பட்டது. ஓட்டுவதற்கு முன்வந்தோர் பலரல்லர். பழைய வீரர் ஸ்பஜாரி ஒருவர். மற்றவர் போல் ஸ்மார்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் அமெரிக்காவிலே வேறொரு கம்பனிக்காக ஓடிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் வந்த அழைப்பை அவருடைய மனைவியே கேட்டு, கணவரைக் கேளாமலே ஒப்புக்கொண்டார். நெடும்பயணக் களைப்போடு வந்து சேர்ந்த ஸ்மார்ட், முதலில் அவ்வண்டியின் நீளத்தைக் கண்டு வியப்புற்றார் என்பர். ஓட்டிப் பார்த்தபின் அந்த ஐயம் நீங்கிற்று.

பந்தயம் தொடங்கியதும் எதிர்பார்த்தபடியே அகொஸ்தினி முன்னே சென்றார். ஆயினும் அவரால் விலகி ஓட முடியவில்லை. இரு வெள்ளிநிற டுக்காட்டி வண்டிகளும் அவரை விடாது தொடர்ந்தன, பின்னர் முந்தின. அகொஸ்தினியின் இயந்திரம் பழுதுற்று அவர் விலக நேர்ந்தது. அதன்பின் போட்டி ஸ்மார்ட்டுக்கும் ஸ்பஜாரிக்கும் இடையேதான். ஒரே தொழிற்சாலையின் இரு வண்டிகள், ஒருவரை ஒருவர் மாறிமாறி முந்திக்கொண்டு, இறுதிச் சுற்று வரை ஓடின. முடிவை நெருங்கும்போது ஸ்பஜாரியின் வண்டியிற் பெற்றோல் குறைந்து இயந்திரம் தடுமாறியது. ஸ்மார்ட் முதலாவதாகவும் ஸ்பஜாரி இரண்டாவதாகவும் எல்லைக் கோட்டைக் கடந்தனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மொன்சாவிலே வில்லில்லாச் சிற்றியந்திரத்தை வெற்றிக்கு ஓட்டிய அதே ஸ்பஜாரி, அதன் பெரிய தம்பியையும் ஓட்டிக்காட்டினார். கூடியிருந்த பல்லாயிரம் மக்களின் ஆரவாரம் அடங்க நெடுநேரமாயிற்று.

இவ்வெற்றி வால்வினால் வந்ததா என்று ஆராய்தல் முறையே. இருநூறு மைல் தூரம் சற்றும் தளராது ஓடவேண்டிய பந்தயத்திலே, வேகத்தைக் காட்டிலும் நின்றுபிடிக்கும் ஆற்றலே முக்கியம். ஒடுங்கிய வடிவமும் வளைவில் ஆடாத நிலைப்பும் அந்த வெற்றியிற் பெரும் பங்கு கொண்டன. அளவுக்கு மிஞ்சிச் சுழன்றாலும் உடையாத இயந்திரம் ஓட்டவீரருக்குத் தந்த நம்பிக்கையும் அதிற் பங்குகொண்டது. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்து அளக்க இயலாது. தாலியோனியின் திறமை, ஒரு புதுமையை மட்டும் நம்பாமல், பல நன்மைகளை ஒரே வண்டியில் இணங்கச் செய்தமையில் இருந்தது.

இமோலாவில் ஓடிய வண்டியைப் போன்ற ஒன்றைத் தெருவில் ஓட்டவேண்டுமெனப் பலர் ஆசைப்பட்டனர். 1974ஆம் ஆண்டில் 750 சுப்பர் ஸ்போர்ட் என்னும் பெயரில், நானூறு வண்டிகளளவே செய்யப்பட்டன. வெள்ளிநிறத் தாங்கியும் நீலப்பச்சைச் சட்டகமும் கொண்ட அவ்வண்டிகள் இன்று சேகரிப்போரிடையே பெருமதிப்புடையன.

மற்றொரு நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. அல்ஸ்டரிலே தம் முதல் வெற்றியை டுக்காட்டியில் ஈட்டிய மைக் ஹெயில்வுட், பின் உலகப் பெருவீரராகிப் பல பட்டங்களை வென்று, மான் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தை விட்டு 1967ஆம் ஆண்டுடன் விலகியிருந்தார். பதினோராண்டு கழித்து, 1978ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, முப்பத்தெட்டாவது வயதில், அதே தீவுக்குத் திரும்பி வந்தார். அவர் தேர்ந்துகொண்டது ஹொண்டாவை அன்று. தாலியோனியின் இரட்டைச் சிலிண்டர் வண்டியின் பெரிய வடிவத்தையே. ஹொண்டாவின் பெரும் பலத்தை எதிர்த்து அவர் வென்றபோது, வயதுசென்ற வீரரையும் பழைய முறையில் ஆக்கிய இயந்திரத்தையும் உலகம் ஒருங்கே வாழ்த்தியது.

ஆனால் புகழினால் மட்டும் தொழிற்சாலை வாழாது. ஒவ்வொரு பற்சில்லையும் கையால் அளந்து பொருத்தும் முறைக்குக் கூலி மிகுந்தது. யப்பானிய வண்டிகள் பல்லாயிரமாக வந்து குவியும்போது, டுக்காட்டி சில ஆயிரங்களோடு போராடியது. தாம் ஆக்கிய அழகிய பற்சில்லுத் தண்டைத் தாலியோனி தாமே கைவிட்டார். 1979ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த பந்தா என்னும் வண்டியிலே, கேமைச் சுழற்றும் வேலையை இறப்பர்ப் பட்டி ஏற்றுக்கொண்டது. செலவு குறைந்தது, ஓசையும் குறைந்தது. ஆயினும் வில்லில்லா வால்வுகளை அவர் விடவில்லை. எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதை அறிந்திருந்தமையே அவருடைய பெருமை.

1985ஆம் ஆண்டிலே கம்பனி கஜீவா என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மாசிமோ போர்தி என்னும் இளைய பொறியியலாளர், நீரினால் குளிரும் இயந்திரத்தையும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளையும் புகுத்தினார். அவரும் ஆசானின் வால்வு முறையைக் காத்தார். தாலியோனி 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் காலமானார். ஆறாண்டுகளின் பின், 2007இல், அவுஸ்திரேலியரான கேசி ஸ்டோனர் டுக்காட்டியில் ஓடி, மோட்டார் சைக்கிள் உலகின் மிக உயர்ந்த பட்டத்தை அக்கம்பனிக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தார். 2022ஆம் ஆண்டில் இத்தாலியரான பிரான்செஸ்கோ பஞ்ஞாயா அப்பட்டத்தை மீண்டும் வென்றார். போட்டிக் கம்பனிகள் உலோக வில்லுக்குப் பதிலாக அழுத்திய வாயுவைக் கொண்டு வால்வுகளை மூடின. டுக்காட்டியோ 1956இல் ஹேடெமோராவிற் கண்ட வழியிலேயே சென்றது.

எனினும் வரலாறு ஒருவரையும் முழுவதும் சரியென்று சொல்லி ஓய்வதில்லை. 2020ஆம் ஆண்டில் நெடும்பயணத்துக்கென ஆக்கிய புதிய நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்றிலே டுக்காட்டிக் கம்பனியே மீண்டும் சுருள்வில்லைப் பூட்டியது. அதனால் வால்வு இடைவெளியை 60,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை சோதித்தாற் போதும் என்றாயிற்று. தாலியோனியின் இளமைக்கால வில்கள் முறிந்தன. இக்கால உலோகத்தாற் செய்த வில்கள் முறிவதில்லை. அவர் அஞ்சிய குறையை உலோகவியல் தீர்த்துவிட்டது. தெருவிலே பயணம் செய்வோனுக்கு வில் போதும் என்று அவருடைய தொழிற்சாலையே ஒப்புக்கொண்டது.

இதனால் அவருடைய உழைப்பு வீணாயிற்று என்று கொள்ளலாகாது. தம் காலத்திலே கிடைத்த உலோகத்தின் குறையை நேராகக் கண்டு, அக்குறைக்கு அடங்கிப்போகாமல், அறிவினால் அதனைக் கடந்தவர் அவர். குண்டுவீச்சில் இடிந்து, வானொலியை விட்டுச் சைக்கிள் இயந்திரம் செய்து பிழைத்த ஒரு தொழிற்சாலை, உலகத்தின் பெரிய கம்பனிகளுக்கு நிகராக நின்றது அந்த அறிவின் பயனாகும். வில் முறியும் என்று அஞ்சி வேகத்தைக் குறைத்தவர்கள் அக்காலத்திற் பலர். திறப்பதற்குக் காட்டிய அக்கறையை மூடுவதற்கும் காட்டவேண்டும் என்று எண்ணிய ஒருவரோ, அவ்வேகத்தை அச்சமின்றி எட்டும் வழியைக் காட்டிச் சென்றார்.